‘ஊமத்தங்காய் தின்னவ மாதிரி’: சிறுநீர்ப்பை மாத்திரையும் ஒரு பாட்டியின் பன்னிரண்டு நாள்களும்

நோயின் பெயரை முதலில் சரியாகச் சொன்னவர், ஜொகூர் பாருவிலிருந்து தங்கையைப் பார்க்க வந்த அக்கா. எண்பதைத் தாண்டியவர். கட்டிலில் உட்கார்ந்து, இல்லாத நூலில் இல்லாத பூவைத் தொடுத்துக்கொண்டிருந்த தங்கையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “என்னடி இவ, ஊமத்தங்காய் தின்னவ மாதிரி பேசுறா” என்று தங்கை மகளிடம் கேட்டிருக்கிறார். ஊமத்தையில் அட்ரோபின், ஸ்கோபொலமின் என்ற பொருள்கள் உண்டு. நரம்புகள் உறுப்புகளுக்குச் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் அசிட்டைல்கோலினின் வேலையை அவை தடுத்துவிடும். வாய் காயும், கண் மங்கும், வயிறு கட்டும், சிறுநீர் நிற்கும், புத்தி தடுமாறும். அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசை மேல் இருந்த மாத்திரைகளில் மூன்று, ஆளுக்குக் கொஞ்சமாக அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தன.

நான் மருந்தாளர். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதியவர்களின் வீட்டுக்குப் போய், என்ன மாத்திரை இருக்கிறது, எதை எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. இதை எழுதப் பாட்டியும் அவர் மகளும் சம்மதித்தார்கள். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருந்துகளையும் அளவுகளையும் நடந்த வரிசையையும் மாற்றவில்லை.

பின்னணி

பாட்டிக்கு 76 வயது. சிங்கப்பூர் அங் மோ கியோவில் வீவக வீடு (அரசு அடுக்குமாடி வீடு). மகள், மருமகன், இரண்டு பேரப்பிள்ளைகள், ஒரு பணிப்பெண். இனிப்புநீர் (நீரிழிவு) இருபது ஆண்டுகளாக. ரத்தக்கொதிப்பும் கொழுப்பும் கூடவே. மெட்ஃபார்மின், அம்லோடிபின், அட்டோர்வாஸ்டட்டின் என்று பலதுறை மருந்தகத்தில் (அரசு பாலிகிளினிக்) தரும் மருந்துகளை ஒழுங்காகச் சாப்பிடுபவர். முன்பு தேக்கா பக்கம் பஃபலோ ரோட்டில் ஒரு பூக்கடையில் மாலை கட்டியவர். முப்பது வருட வேலை. இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

சிறுநீர் அவசரம் தொடங்கி இரண்டு வருடம் அவர் யாரிடமும் சொல்லவில்லை. சனிக்கிழமை தோறும் சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலுக்கு ரயிலில் போவார். முதலில் தோ பாயோவில் இறங்கி, கழிவறைக்குப் போய்விட்டு, அடுத்த ரயில் ஏறினார். பிறகு டோபி காட்டில் வண்டி மாறும்போதும் போக வேண்டியிருந்தது. ஒருநாள் ஃபேரர் பார்க் நிலையத்தின் மின்படியில் நிற்கும்போதே சேலை நனைந்துவிட்டது. அதோடு கோயிலுக்குப் போவதை விட்டார். வீட்டில் கேட்டால், முட்டி வலி என்றார். துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் மடித்துச் சொருகியிருந்த ஈரத் துணியை மகள் ஒருநாள் பார்த்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

“வயசானா அப்படித்தான்னு நெனச்சேன் தாயி. இதைப் போயி யார்கிட்ட சொல்றது” என்று என்னிடமும் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

மாத்திரை தொடங்கியது

பலதுறை மருந்தகத்தில் சிறுநீர்ப் பரிசோதனை செய்தார்கள். கிருமித்தொற்று இல்லை. சர்க்கரை அளவு ஓரளவு கட்டுக்குள் இருந்தது. பகலில் பதினொன்று, பன்னிரண்டு முறை, இரவில் நான்கு முறை, அடக்க முடியாத அவசரம், சில நேரம் கசிவு. மிகைச் செயற்பாட்டுச் சிறுநீர்ப்பை என்று மருத்துவர் சொன்னார். சிறுநீர்ப்பை நிறைவதற்கு முன்பே அதன் சுவர்த் தசை தானாகச் சுருங்கிக் கொள்வதுதான் இது. சோலிஃபெனசின் 5 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஒன்று என்று எழுதிக் கொடுத்தார்.

இந்த மருந்து சரியான மருந்துதான். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படித்துவிட்டு யாரும் தங்கள் வீட்டு மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடக் கூடாது. சோலிஃபெனசின், டோல்டெரோடின், ஆக்ஸிபியூட்டினின், ட்ரோஸ்பியம் எல்லாம் ஒரே குடும்பம். சிறுநீர்ப்பைத் தசையைச் சுருங்கச் சொல்லும் அசிட்டைல்கோலினை மறித்து, பையைக் கொஞ்சம் சாந்தப்படுத்தும். பலன் முழுதாகத் தெரிய நான்கு வாரத்துக்கு மேலேகூட ஆகலாம். பாட்டிக்கு மூன்றாவது மாதத்தில் பகல் எட்டு முறை, இரவு இரண்டு முறை என்று குறைந்தது. மறுபடி கோயிலுக்குப் போனார். வாய் மட்டும் காய்ந்தது. புளிப்பு மிட்டாய் வாங்கி வைத்துக்கொண்டார்.

இரண்டு வாசல்

ஐந்தாவது மாதம் பாதம் எரியத் தொடங்கியது. இனிப்புநீர் நரம்பைத் தொட்டால் வரும் எரிச்சல். பலதுறை மருந்தகத்துக்கு முன்பதிவு கிடைக்க நாளாகும் என்று, புளோக்குக்குக் கீழே இருக்கும் தனியார் மருந்தகத்துக்கு (கிளினிக்) போனார். அங்கே இரவில் சாப்பிட அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் 25 ஆனது. எரிச்சல் குறைந்தது, தூக்கமும் வந்தது.

“வேற என்ன மருந்து சாப்பிடுறீங்க?” என்று அந்த மருத்துவர் கேட்டிருக்கிறார். பாட்டி இனிப்புநீர் மாத்திரை, கொதிப்பு மாத்திரை, கொழுப்பு மாத்திரை என்று மூன்றையும் சொன்னார். சிறுநீர்ப்பை மாத்திரையைச் சொல்லவில்லை. “பேரன் வயசுப் பையன். அவன்கிட்ட எப்படிச் சொல்றது?”

அதே மருந்தகத்தில் ஆறேழு மாதம் முன்பு மூக்கொழுகலுக்கு வாங்கிய குளோர்பெனிரமின் மீதி இருந்தது. சின்ன மஞ்சள் மாத்திரை, பிளாஸ்டிக் பையில். ‘தேவைப்படும்போது’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. பாட்டிக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. அதைச் சாப்பிட்டால் தூக்கம் நன்றாக வருகிறது என்று கண்டுகொண்டு, சளி போன பிறகும் ராத்திரி ஒன்று போட்டுக்கொண்டிருந்தார். தீர்ந்தால் மூக்கு ஒழுகுது என்று சொல்லி மறுபடி வாங்குவார். அதை அவர் மருந்தாகவே கணக்கில் வைக்கவில்லை.

சிங்கப்பூரில் 2011 முதல் தேசிய மின்னிலக்கச் சுகாதாரப் பதிவு இருக்கிறது. அரசு மருத்துவமனைகளும் பலதுறை மருந்தகங்களும் ஒன்று எழுதியதை மற்றொன்று பார்க்கலாம். தனியார் மருந்தகங்கள் அதில் சேர்வது பல ஆண்டுகள் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தது. 2023 ஜூலையில் தொடங்கிய ‘ஹெல்தியர் எஸ்ஜி’ திட்டம் ஒருவருக்கு ஒரே குடும்ப மருத்துவர் என்று சொல்வதன் பலனை இதுபோன்ற நேரத்தில்தான் நான் முழுமையாக உணர்கிறேன். பாட்டியின் விஷயத்தில் இரண்டு வாசலும் ஒன்றையொன்று பார்க்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் நடந்து போய்வந்த ஒரே ஆள் பாட்டி. அவர் வாயைத் திறக்க வெட்கம் விடவில்லை.

பன்னிரண்டு நாள்

ஆறாவது மாதம் பழைய தொந்தரவு திரும்பியது. அடிக்கடி போக வேண்டும், போனால் கொஞ்சம்தான் வரும், எழுந்து நாலடி வைத்தால் மறுபடி வரும்போல் இருக்கும். இரவில் படுக்கை நனைந்தது. பலதுறை மருந்தகத்தில் அடுத்த சந்திப்பில், “மாத்திரை இப்போ கேக்கலை, மறுபடி அடிக்கடி போகுது” என்று மகள் சொன்னார். சோலிஃபெனசின் 10 மில்லிகிராம் ஆக்கப்பட்டது. அது அந்த மருந்தின் உச்ச அளவு. சிறுநீர் கழித்த பிறகு பையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அன்று யாரும் அளக்கவில்லை.

நான்காம் நாள் மலச்சிக்கல். தேக்காவில் வாங்கிய இசப்கோல் கலக்கிக் கொடுத்தார்கள். ஆறாம் நாள் வாய் ஒட்டிப்போய் பொய்ப்பல் நிற்கவில்லை. வாய் காய்வதால் பாட்டி தண்ணீரும் தேநீரும் மாறி மாறிக் குடித்தார். குடித்ததெல்லாம் பைக்குத்தான் போயிற்று. எட்டாம் நாள் சாயங்காலம், அடுப்படியில் தாத்தா நிற்கிறார், அவருக்குக் கோப்பி கலக்கு என்று பணிப்பெண்ணிடம் தமிழில் சொன்னார். தாத்தா இறந்து ஒன்பது வருடம்.

ஒன்பதாம் நாள் மகள் புத்திசாலித்தனமாக ஒன்று செய்தார். புதிதாகக் கூட்டிய மாத்திரைதான் காரணமோ என்று நினைத்து இரண்டு நாள் நிறுத்திப் பார்த்தார். குழப்பம் குறையவில்லை. அப்படியென்றால் மாத்திரை காரணமில்லை என்று முடிவு செய்து, பதினொன்றாம் நாள் மறுபடி கொடுத்தார். சோலிஃபெனசினின் அரை ஆயுட்காலம் 45 முதல் 68 மணி நேரம். அதாவது ரத்தத்தில் இருப்பதில் பாதி வெளியேறவே இரண்டு மூன்று நாள் ஆகும். முழுதாகக் கழிய பத்து நாள், இரண்டு வாரம்கூட ஆகலாம். மகளின் சந்தேகம் சரி, பரிசோதனைக்குக் கொடுத்த நேரம்தான் போதவில்லை. அதோடு மற்ற இரண்டு மாத்திரையும் அந்த இரண்டு நாளும் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

விரல்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாட்டி போர்வையின் ஓரத்தை இரண்டு விரலால் கிள்ளி எடுப்பார், காற்றில் சுற்றுவார், முடிச்சுப் போடுவார், மறுபடி கிள்ளுவார். மகளுக்கு அதைப் பார்த்து அழுகை வந்திருக்கிறது. அம்மா பழைய பூக்கடைக்குப் போய்விட்டார், இது மறதிநோய்தான் என்று நினைத்தார். யார்தான் நினைக்க மாட்டார்கள்? ஆனால் காற்றையும் துணியையும் கிள்ளிக் கிள்ளிப் பொறுக்குவது இந்த வகை மருந்து மூளையை எட்டும்போது அடிக்கடி காணப்படும் அடையாளம். மாலை கட்டாதவர்களும் அதைச் செய்வார்கள். பாட்டியின் வாழ்க்கையே அந்த அடையாளத்தை மறைத்துவிட்டது. மறதிநோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வரும். ஒரு வாரத்தில் வருவது, மாலையில் ஏறிக் காலையில் இறங்குவது, திடீர் மனக்குழப்பம். அது அவசரமாகப் பார்க்க வேண்டிய உடல் நோய்.

பன்னிரண்டாம் நாள்தான் ஜொகூர் அக்கா வந்தார். அவர் ஊமத்தங்காய் என்று சொன்ன பிறகு மகள் தாயின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். முகம் சிவந்து, தோல் காய்ந்து, சூடாக இருந்தது. மின்விசிறி இல்லாத மதியத்திலும் ஒரு சொட்டு வியர்வை இல்லை. இந்த மாத்திரைகள் வியர்வையையும் அடைக்கும். வெயில் ஊர் ஆளுக்கு அது தனி ஆபத்து. அடிவயிற்றில் கை வைத்தால் கல் மாதிரி. 995ஐ அழைத்தார்கள்.

அவசர சிகிச்சைப் பிரிவில் கழிவறைக்கு அழைத்துப் போய்வந்த பிறகு சிறுநீர்ப்பை ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளே 780 மில்லிலிட்டர். சாதாரணமாக 400, 500 மில்லிலிட்டர் நிறைந்தாலே நாம் ஓடுவோம். நாடித்துடிப்பு 108. சிறுநீரகம் தடுமாறினால் ரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின் வழக்கத்தைவிட ஏறியிருந்தது. சிறுநீரை வடிக்கும் குழாயான கதீட்டர் போட்டவுடன் பாட்டி ஒரு பெருமூச்சு விட்டுக் கண்ணை மூடியதாக மகள் சொன்னார். சோலிஃபெனசினையும் அமிட்ரிப்டிலினையும் அன்றே நிறுத்தினார்கள்; மஞ்சள் மாத்திரை வீட்டிலேயே இருந்துவிட்டது. நான்காம் நாள் பேரனின் பெயரைச் சரியாகச் சொன்னார். ஒன்பதாம் நாள் தேதியும் சொன்னார். ஒரு வாரத்தில் கதீட்டரை எடுத்தபோது தானாகவே கழித்தார், மிச்சம் 90 மில்லிலிட்டர். கிரியாட்டினின் பழைய இடத்துக்கு இறங்கியது.

மேசை மேல் கொட்டியது

வீடு திரும்பிய மூன்றாம் நாள் நான் போனேன். “வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் கொண்டு வாங்க, தைலம், சாக்லேட்டு மாதிரி இருக்கிறதுகூட” என்றேன். பணிப்பெண் மருந்துப் பெட்டியைக் கொண்டுவந்தார். மகள் குளிர்சாதனப் பெட்டிக் கதவிலிருந்து ஒரு பையை எடுத்தார். பாட்டி எழுந்து பூசை அலமாரியின் இழுப்பறையைத் திறந்து, திருநீற்றுச் சம்படத்துக்குப் பின்னாலிருந்து மூன்று சிறு பிளாஸ்டிக் பைகளை எடுத்து வைத்தார். மூன்றிலும் மஞ்சள் மாத்திரை. மருத்துவமனை எழுதிய பட்டியலில் அது இல்லவே இல்லை. அவசரப் பிரிவில் ரத்தத்தில் எல்லாம் தேடிப் பார்த்தவர்களுக்குப் பூசை அலமாரி எப்படித் தெரியும்?

அடுப்படியில் சின்ன இடிகல் ஒன்று இருந்தது. உட்புறம் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது. வாய் காய்ந்து மாத்திரை தொண்டையில் ஒட்டிக்கொண்டதால், பணிப்பெண் எல்லாவற்றையும் ஒன்றாக இடித்து வாழைப்பழத்தில் பிசைந்து கொடுத்திருக்கிறார். அன்போடு செய்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் இடிக்கக் கூடாது என்று அவர் மொழியில் யாருமே சொல்லவில்லை. சோலிஃபெனசினை முழுதாக விழுங்க வேண்டும். மெதுவாகக் கரையும்படி செய்த டோல்டெரோடின் உறைமாத்திரை, மிராபெக்ரான் மாத்திரை ஆகியவற்றை இடித்தால், நாள் முழுக்கச் சேர வேண்டிய மருந்து ஒரே மூச்சில் ரத்தத்துக்குப் போய்விடும்.

ஒரே அறிகுறி, எதிரெதிர்க் காரணம்

இந்த நிகழ்வில் என்னை மிகவும் உறுத்துவது அளவைக் கூட்டிய அந்த நாள்தான். அடிக்கடி போவது, கசிவது, இரவில் நனைவது: சிறுநீர்ப்பை அதிகமாக வேலை செய்தாலும் இவை வரும், வேலையே செய்யாமல் நிரம்பி வழிந்தாலும் இவை வரும். குடம் நிரம்பி விளிம்பில் சொட்டுவதையும், குடம் ஓட்டையாகி ஒழுகுவதையும் தரையில் இருக்கும் ஈரத்தை வைத்துப் பிரிக்க முடியாது. குடத்துக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். பாட்டிக்கு ஆறாவது மாதத்தில் பை நிரம்பி வழியத் தொடங்கியிருந்தது. பையைச் சாந்தப்படுத்தும் மருந்து அங்கே இரட்டிப்பானது.

எட்டிப் பார்ப்பது பெரிய வேலை இல்லை. கழித்துவிட்டு வந்து படுத்தால், அடிவயிற்றில் சிறு கருவியை வைத்து ஓரிரு நிமிடத்தில் அளந்துவிடலாம். வலியில்லை, ஊசியில்லை. எல்லா மருந்தகத்திலும் அந்தக் கருவி இருக்காது என்பது உண்மை. இருந்தாலும் மருந்து கொஞ்ச காலம் நன்றாக வேலை செய்து, பிறகு திடீரென்று ‘கேட்காமல்’ போனால், அளவைக் கூட்டும் முன் மிச்சத்தை அளக்கும்படி நோயாளியே கேட்கலாம். “மாத்திரை கேக்கலை” என்று மட்டும் சொன்னால் மருத்துவர் கூட்டத்தான் செய்வார். “கொஞ்சம்தான் வருது, முக்கினாதான் வருது, அடிவயிறு கல்லா இருக்கு” என்று சொன்னால் அவர் வேறு பக்கம் யோசிப்பார். புராஸ்டேட் வீங்கிய ஆண்களுக்கு இது இன்னும் முக்கியம், அவர்களுக்கு வாசல் ஏற்கெனவே குறுகலாக இருக்கும்.

மலச்சிக்கலும் சிறு விஷயமில்லை. நிறைந்த மலக்குடல் சிறுநீர்ப்பையை அழுத்தும், சிறுநீர் வெளியேறுவதையும் தடுக்கும். இந்த மாத்திரை சாப்பிடுபவருக்கு மூன்று நாள் வயிறு போகவில்லை என்றால், அது இசப்கோலோடு முடியும் சமாசாரம் இல்லை, தொலைபேசியை எடுக்க வேண்டிய சமாசாரம்.

சின்னச் சின்ன அளவுகள்

மகள் என்னிடம் கேட்ட கேள்வி நியாயமானது. “மூணும் சின்ன அளவுதானே? டாக்டர் கொடுத்ததுதானே?” ஆமாம். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் வழக்கமான அளவுதான். சோலிஃபெனசின் சிறுநீர்ப்பைக்கு, அமிட்ரிப்டிலின் நரம்புக்கு, குளோர்பெனிரமின் மூக்குக்கு என்று பையில் எழுதியிருக்கிறது. உடம்புக்கு அந்த எழுத்து தெரியாது. மூன்றும் அசிட்டைல்கோலினைத்தான் மறிக்கின்றன, சிறுநீர்ப்பையிலும் குடலிலும் எச்சில் சுரப்பியிலும் மூளையிலும். வயதானவர்களின் மூளையில் அசிட்டைல்கோலின் கையிருப்பே குறைவு. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம், முதியவர்களுக்கு ஆபத்தாகக்கூடிய மருந்துகளைச் சொல்லும் பீர்ஸ் பட்டியலின் 2023 பதிப்பில் இந்த வகை மருந்துகளை ஒன்றுக்கு மேல் சேர்த்துக் கொடுப்பதைத் தவிர்க்கச் சொல்கிறது. வயிற்றுப் பிடிப்புக்கான ஹயோசின், பயணக் குமட்டல் மாத்திரைகள், டைஃபென்ஹைட்ரமின் கலந்த தூக்க மாத்திரையும் இருமல் மருந்தும் இதே கூட்டத்தில் சேரும். சீட்டில்லாமல் மருந்தாளரிடம் வாங்கும் போதும், “சிறுநீர்ப்பைக்கு மாத்திரை சாப்பிடுறேன்” என்ற ஒரு வரி போதும். மூக்குக்கு வேறு மருந்து எடுத்துக் கொடுப்போம். அந்த வரியைக் கேட்டு எந்த மருந்தாளரும் முகம் சுளிக்க மாட்டார். ஒரு நாளைக்குப் பலமுறை கேட்கும் வரி அது.

இந்தக் குடும்பத்து மாத்திரையே கூடாத ஆள்களும் உண்டு. கண்ணுக்குள் நீர் வடியும் கோணம் குறுகி, கட்டுப்படாமல் இருக்கும் குளுக்கோமா உள்ளவர்கள், ஏற்கெனவே சிறுநீர் தேங்குபவர்கள், வயிறு காலியாகத் தாமதமாகும் நோய் உள்ளவர்கள். சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்குச் சோலிஃபெனசின் 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மாத்திரை தொடங்கியபின் கண் சிவந்து கடுமையாக வலித்து, விளக்கைச் சுற்றி வட்டம் தெரிந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அதன் பிறகு

சிறுநீர் அவசரம் பாட்டியை விட்டுப் போகவில்லை. மருந்தில்லாத ஆறு வாரமும் ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன்: எத்தனை மணிக்குப் போனார், எவ்வளவு வந்தது, என்ன குடித்தார். அளப்பதற்கு ஒரு பிளாஸ்டிக் குவளை. பேரனின் பழைய கணக்கு நோட்டு. கோடு போட்டுத் தமிழில் எழுதினார், மாலைக்குப் பூ எண்ணும்போது போடும் ஐந்தைந்துக் கோடுகளோடு.

நோட்டு பல விஷயத்தைக் காட்டிக்கொடுத்தது. இரவு எட்டு மணிக்கு மேல் இரண்டு குவளைத் தேநீர். அம்லோடிபினால் கால் வீங்குகிறது; பகலெல்லாம் காலில் தேங்கிய நீர் படுத்தவுடன் மேலே ஏறிச் சிறுநீராகிறது. தேநீரை மாலை நான்கு மணிக்கு முன்னால் நகர்த்தினோம். மதியம் இரண்டு மணிநேரம் தலையணை மேல் கால் வைத்துப் படுத்தார். கொதிப்பு மாத்திரையை மருத்துவர் மாற்றினார். அவசரம் வந்தால் ஓடாமல், உட்கார்ந்து, சிறுநீரை அடக்கும் தசையை ஐந்தாறு முறை சட்டென்று இறுக்கி விட்டு, அலை அடங்கியபின் நடப்பது என்று உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் சொல்லிக் கொடுத்தார். இரண்டு முறைக்கு நடுவே உள்ள நேரத்தை வாரத்துக்குப் பதினைந்து நிமிடம் கூட்டினார்கள். இதெல்லாம் மாத்திரைக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டியவை.

ஆறு வாரம் கழித்து, இரண்டு ஸ்கேனிலும் மிச்சம் குறைவாக இருப்பதை உறுதி செய்தபின், மிராபெக்ரான் 25 மில்லிகிராம் தொடங்கப்பட்டது. இது வேறு குடும்பம். அசிட்டைல்கோலினைத் தொடாது, சிறுநீர்ப்பைத் தசையைத் தளரச் சொல்லும் இன்னொரு வழியைத் தூண்டும். வாய் அவ்வளவு காயாது, மூளையையும் அவ்வளவு குழப்பாது. இதற்கும் விலை உண்டு. ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடும்; மேல் எண் 180, அல்லது கீழ் எண் 110ஐத் தொட்டிருந்தால் கொடுக்கவே கூடாது. மெட்டோபிரோலோல் போன்ற சில இதய மருந்துகளின் அளவை ரத்தத்தில் கூட்டும், டிகாக்ஸினையும் கூட்டும். அதனால் தொடங்கும்போது அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்றை மகள் வாங்கினார். முதல் மாதம் தினமும் காலையில் அளந்து நோட்டின் பின்பக்கம் எழுதினார்கள். இடிகல்லைப் பணிப்பெண் இஞ்சிக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டார். ஒருநாள் மாத்திரை மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது என்பதை அவரே என்னிடம் திருப்பிச் சொன்னார். பாத எரிச்சலுக்கு வேறு மருந்து, குறைந்த அளவில். அதை எழுதியது பலதுறை மருந்தகத்து மருத்துவர், எல்லா மாத்திரையையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்த பிறகு.

“அம்மாவுக்கு இதனால மறதிநோய் வருமா அக்கா?” என்று மகள் ஒருநாள் மின்தூக்கி வரை வந்து, பாட்டிக்குக் கேட்காமல் கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். 2019இல் ‘ஜாமா இன்டர்னல் மெடிசின்’ இதழில் வந்த பிரிட்டிஷ் ஆய்வு, மறதிநோய் கண்ட 58,769 பேரின் பழைய மருந்துச் சீட்டுகளைப் பார்த்தது. சிறுநீர்ப்பைக்கான இந்த வகை மருந்துகளை மூன்று வருடத்துக்கு மேல் தினசரி சாப்பிடுவதற்கு இணையான அளவு எடுத்தவர்களிடம் மறதிநோய் கூடுதலாகக் காணப்பட்டது. மருந்துதான் நோயைக் கொண்டுவந்தது என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை, அப்படிப்பட்ட ஆய்வால் நிரூபிக்கவும் முடியாது. பாட்டி சாப்பிட்டது ஏழு மாதத்துக்கும் குறைவு. அவருக்கு வந்த குழப்பம் மருந்து போனதும் போய்விட்டது. நினைவுப் பரிசோதனையை ஆறு மாதம் கழித்து மறுபடி செய்வோம் என்று சொன்னேன். செய்தோம். அவர் வயதுக்கு எதிர்பார்க்கும் அளவில் இருந்தது.

கடைசியாகப் போனபோது ரத்த அழுத்தம் 138/76, கழித்தபின் மிச்சம் 60 மில்லிலிட்டர், பகலில் எட்டு முறை, இரவில் ஒன்று, சில நாள் இரண்டு. பணப்பையில் மடித்து வைத்த ஒரு தாள்: எல்லா மருந்தின் பெயரும் ஆங்கிலத்திலும் தமிழிலும், மகள் கையெழுத்தில். முதல் வரி, ‘சிறுநீர்ப்பை மாத்திரை: மிராபெக்ரான் 25’. முதல் வரியில் எழுதச் சொன்னது பாட்டிதான். “கீழ எழுதினா வெக்கப்பட்டு விட்டுடுவேன். மேலயே இருக்கட்டும்.”

நோட்டில் சனிக்கிழமைப் பக்கத்தைக் காட்டினார். காலை 8.40 அங் மோ கியோ. 9.25 கோயில். தோ பாயோவுக்கு எதிரே ஒரு கோடும் இல்லை. தூரப் பயணத்துக்கு மட்டும் இன்னும் பேம்பர்ஸ் போட்டுக்கொள்கிறார். அடுத்த ஸ்கேன் மூன்று மாதத்தில்.